14 நாள் எப்போது தொடங்குகிறது?

(சர்க்கார் இலாகாக்களுக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். புதிதாகக் கடை திறந்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு சர்க்கார் இலாகாவில் காகிதமும் ஃபைலும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பணம் ஒழுங்காக வருமா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "சர்க்கார் பணம் எங்கே ஓடிவிடும்? பாங்கில் கிடக்கிற மாதிரிதான்" என்றார். இன்னொருவர், "வரும் தம்பி, கட்டாயம் வரும். நீ கடையை மூடின பிறகு வரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். கேட்ட தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த முதலே பத்தாயிரம் வெள்ளிதான்.

இரண்டு பெரியவர்களும் பொய் சொல்லவில்லை. சர்க்கார் பணம் மூழ்குவது அபூர்வம். ஆனால் அது வரும் நாள் வியாபாரியின் கையில் பாதியும், இலாகாவின் கையில் பாதியுமாக இருக்கிறது. நம் கையில் இருக்கும் அந்தப் பாதியை நம்மில் பலர் அறியாமலே விட்டுவிடுகிறோம். நானும் விட்டவன்தான். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு பெட்டியடிக்கு வந்துவிட்டவன் நான், சட்டம் கற்றவனல்ல. இருபது வருஷமாக மளிகையும் எழுதுபொருளும் விற்று, இலாகாக்களுக்கும் கொடுத்து வாங்கிப் பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டு விவரங்களைக் கணக்கியல் படிக்கும் என் மகள் தேடித் தந்தாள்.

விதி என்ன சொல்கிறது?

மலேசியாவில் சர்க்கார் பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதற்கு 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டம் அடிப்படை. அதையொட்டி நிதி அமைச்சு வெளியிட்டிருக்கும் கட்டளைகளை மலாயில் 'அராஹான் பெர்பென்டஹாராஆன்' என்பார்கள். கருவூலக் கட்டளைகள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவற்றில் 103-ஆவது கட்டளை, பில்களைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்றும், பூர்த்தியான பில் கிடைத்த தேதியிலிருந்து 14 நாளுக்கு மேல் போகக்கூடாது என்றும் விதிக்கிறது. பல காரியாலயங்களின் சுவரில் தொங்கும் வாடிக்கையாளர் சாசனத்திலும் இந்த 14 நாள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைப் படிக்கும் வியாபாரி, "சரக்கை இறக்கி 14 நாளில் பணம்" என்று மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்கிறார். அங்கேதான் பிழை. சரக்கு இறங்கிய நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்குவதில்லை. பில் எழுதிய நாளிலிருந்தும் தொடங்குவதில்லை. 'பூர்த்தியான' பில், அதாவது வேண்டிய எல்லாத் தஸ்தாவேஜுகளும் குறையின்றிச் சேர்ந்த பில், போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மாதங்கள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை என் சொந்த அனுபவத்தால் சொல்கிறேன்.

நான் பட்ட பாடு

2019 நவம்பர் கடைசி வாரம். எனக்குப் பல வருஷம் பழக்கமான ஓர் இலாகாவிலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் டெலிபோன் செய்தார். ஆண்டு முடிகிறது, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய காகிதம், ஃபைல், அச்சு இயந்திரத்துக்கான மை எல்லாம் அவசரமாக வேண்டும், முதலில் சரக்கை அனுப்பிவிடுங்கள், எல்.ஓ. பின்னால் வரும் என்றார். நல்ல மனிதர், அதற்கு முன் ஒரு தடவையும் என்னை ஏமாற்றாதவர். நவம்பர் 28-ஆம் தேதி லோரியில் ஏற்றி அனுப்பினேன். மொத்தம் 11,460 வெள்ளி. அதில் பெரும்பகுதி, தவுக்கேயிடம் 30 நாள் தவணையில் நான் எடுத்த சரக்கு.

டிசம்பரில் அந்த உத்தியோகஸ்தர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். எல்.ஓ. வரவில்லை. ஜனவரியில் போய்க் கேட்டால், புதிதாக வந்தவர் என் டி.ஓ.-வைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஆர்டரே இல்லையே" என்றார். சரக்கு அவர் பின்னால் இருந்த அலமாரியில் அடுக்கியிருந்தது! அவர் மேலும் குற்றமில்லை. ஆர்டர் இல்லாமல் வந்த சரக்குக்கு அவர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? அதோடு, அது முடிந்துபோன ஆண்டின் செலவு. முன் ஆண்டு பில்லைப் புது ஆண்டின் பணத்திலிருந்து கொடுக்க வேண்டுமானால் காரணம் எழுதித் தனி அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதம் மேலே போயிருக்கும்போது மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து காரியாலயங்கள் மூடப்பட்டன.

தவுக்கேயிடம் நான் தலை குனிந்து நின்றேன். வீட்டிலிருந்த நகைகளில் ஒரு பகுதி அர்-ரஹ்னு கௌண்டருக்குப் போனது. கடையில் மூன்று வருஷம் உண்மையாக உழைத்த ஒரு பையனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல நேர்ந்தது. அதை இப்போது எழுதவும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அனுமதியும் ஆர்டரும் பில்லும் ஒன்றுசேர்ந்தன. ஆகஸ்ட் 14-ஆம் தேதி பணம் என் பாங்குக் கணக்கில் விழுந்தது.

இப்போது கவனியுங்கள். இலாகாவின் ஏட்டில் என் பில், பூர்த்தியாகி 9 நாளில் பட்டுவாடா செய்யப்பட்ட பில். 14 நாளுக்குள் கொடுக்கப்பட்ட நல்ல பில்களில் அதுவும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும். என் ஏட்டில் அது 260 நாள். இரண்டு கணக்கும் உண்மை. ஓர் இலாகா, "எங்கள் பில்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 14 நாளில் கொடுத்துவிட்டோம்" என்று அறிக்கை விடும்போதும், ஒரு வியாபாரி, "எனக்கு எட்டு மாதம் ஆயிற்று" என்று புலம்பும்போதும், இருவரில் ஒருவர் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வேறு வேறு நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.

ஆகையால் நம் வேலை என்ன? சரக்கு இறங்கும் நாளும், பில் பூர்த்தியாகும் நாளும் முடிந்தவரை ஒரே நாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். அதற்கு, ஒரு பில் எந்த வழியாக நடந்து போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பில் நடக்கும் பாதை

முதல் படி, ஆர்டர். நாம் எல்.ஓ. என்று வழக்கமாகச் சொல்வது சர்க்காரின் எழுத்து மூலமான கொள்முதல் ஆர்டர். 1949-ஆம் ஆண்டின் அரசாங்க ஒப்பந்தச் சட்டப்படி, சர்க்காரின் பெயரால் செய்யப்படும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். டெலிபோனில் சொன்ன சொல், சொன்னவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சர்க்காரின் சொல் ஆகாது. எல்.ஓ. கைக்கு வந்ததும் எண், தேதி, சரக்கின் விவரம், அளவு, விலை, கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றை வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் சரக்கு அனுப்புமுன் திருத்தச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத இலாகாவின் பெயரில் ஆர்டர் வந்தால், அந்தத் தாளில் இருக்கும் டெலிபோன் எண்ணை நம்பாமல், காரியாலயத்தின் எண்ணை நாமே தேடிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இலாகாவின் பெயரைச் சொல்லிச் சரக்கை அள்ளிக்கொண்டு போகும் எத்தர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி, சரக்கை ஒப்படைத்தல். டி.ஓ.-வில் எல்.ஓ. எண் இருக்க வேண்டும். வாங்கியவரின் கையெழுத்து மட்டும் போதாது. பெயர், பதவி, தேதி, காரியாலய முத்திரை நான்கும் வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளி கிறுக்கிக் கொடுத்த கையெழுத்தோடு திரும்பிவரும் லோரி டிரைவர், நம் பணத்தை ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு வருகிறார். ஆர்டரில் கேட்டது 40 ரீம் காகிதமென்றால் 40 ரீமே போக வேண்டும். கையிருப்பு இல்லையென்று 35 மட்டும் அனுப்பினால், மிச்சம் ஐந்து வரும்வரை அந்தப் பில் முழுதும் காத்துக் கிடக்கலாம். ஒரு ரகத்துக்குப் பதில் வேறு ரகம் அனுப்பினால், அது எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும், திருப்பி அனுப்பக் காரணமாகும்.

மூன்றாம் படி, பில். சரக்குப் போன அன்றைக்கே பில்லும் போக வேண்டும். நம்மில் பலர் மாதக் கடைசியில் எல்லாப் பில்லையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் வைத்திருக்கிறோம். 3-ஆம் தேதி கொடுத்த சரக்குக்கு 30-ஆம் தேதி பில் எழுதினால், 27 நாளை நாமே சர்க்காருக்குத் தானம் செய்துவிட்டு, பிறகு சர்க்காரைக் குறை சொல்கிறோம். பில்லில் இருக்கும் கடைப்பெயர், நிதி அமைச்சில் பதிந்திருக்கும் பெயர், பாங்குக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். அத்தா காலத்துப் பெயர் ஒன்று, மகன் மாற்றிய பெயர் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். நிதி அமைச்சில் செய்யும் பதிவுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அது முடியும் தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இ-பெரோலேஹான் என்னும் சர்க்காரின் கொள்முதல் முறை வழியாக வந்த ஆர்டரானால், பில்லையும் அதன் வழியாகவே அனுப்ப வேண்டும். அதில் ஒவ்வொரு படியின் தேதியும் பதிவாகிவிடுவது நமக்கு நல்ல சாட்சி.

நான்காம் படி, இலாகாவின் அத்தாட்சி. ஆர்டர், டி.ஓ., பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேட்டதும் வந்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று ஓர் உத்தியோகஸ்தர் பார்த்துச் சரக்கு கிடைத்ததாக எழுதுகிறார். மூன்றும் ஒத்துவந்தால் கையெழுத்து விழும். ஒரு காசு வித்தியாசமிருந்தாலும் தட்டில் கிடக்கும். இங்கேதான் இலாகாவின் குற்றமும் நடக்கிறது. பில்லில் பிழை இருந்தால் உடனே திருப்பி அனுப்பாமல் மூன்று வாரம் தட்டிலேயே வைத்திருந்து, நாம் போய்க் கேட்டபிறகுதான் சொல்வார்கள். லீவில் போனவரின் மேஜையில் கிடக்கும். இதற்கு மருந்து, பில் கொடுத்த ஏழாம் நாள் மரியாதையாக ஒரு டெலிபோன்: "என் பில் பூர்த்தியாக இருக்கிறதா, ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்பது. "பணம் எப்போது வரும்?" என்று கேட்டால், "வரும்" என்பார்கள். குறை உண்டா என்று கேட்டால் ஃபைலை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி, கணக்கு அலுவலகம். அங்கே பணம் ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, நம் பாங்குக் கணக்குக்கு நேரே அனுப்புகிறார்கள். பாங்குக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

இந்த ஐந்து படிகளில் முதல் மூன்று நம்முடையவை. பின் இரண்டு அவர்களுடையவை. நம் மூன்றில் குறை வைக்காதவனுக்குத்தான் அவர்கள் இரண்டைப் பற்றிக் கேட்க வாய் இருக்கும்.

ஆண்டுக் கடைசியும் கோப்பிக் காசும்

மத்திய சர்க்காரின் கணக்கு ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நாடாளுமன்றம் அந்த ஆண்டுக்கென்று அனுமதித்த பணம் செலவாகாமல் மிஞ்சினால், அடுத்த ஆண்டுக்குத் தானாக நகர்ந்து வராது. அதனால்தான் அக்டோபர், நவம்பரில் அவசர அவசரமாக ஆர்டர்கள் வருகின்றன. வியாபாரிக்கு அது அறுவடைக்காலம், அபாயக்காலமும் அதுவே. டிசம்பரில் சரக்குக் கொடுக்க ஒப்புக்கொள்ளுமுன், பில் கொடுக்க இலாகா வைத்திருக்கும் கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் சரக்கும் பில்லும் போய்ச்சேராது என்று தோன்றினால், ஆர்டரை மரியாதையாக விட்டுவிடுவதே லாபம்.

பில் தாமதமானால் சிலர் கிராணிக்குக் கோப்பிக் காசு கொடுத்து நகர்த்தப் பார்க்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி. அது மட்டுமா? உங்களிடம் ஒருவர் லஞ்சம் கேட்டால் அதைத் தெரிவிக்க வேண்டியதும் அந்தச் சட்டப்படி உங்கள் கடமை. நமக்குச் சேர வேண்டிய ஹலாலான பணத்தை வாங்க ஹராமான வாசல் வழியாகப் போக வேண்டியதில்லை. முறையான வழி இருக்கிறது. முதலில் இலாகாவின் தலைவருக்கு எல்.ஓ. எண், டி.ஓ. தேதி, பில் தேதி ஆகியவற்றைக் குறித்து ஒரு பக்கக் கடிதம். அதற்கும் பதிலில்லையென்றால், 1971-ல் அமைக்கப்பட்ட பொதுப் புகார்ப் பிரிவுக்கு எழுதலாம். தேதிகளை வரிசையாக எழுதிய கடிதத்துக்கு இருக்கும் பலம், கோபமாக எழுதிய கடிதத்துக்கு இருப்பதில்லை.

யார் சர்க்கார்?

இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். மேலே சொன்னது இலாகா நேரடியாக நம்மிடம் வாங்கும்போது நடப்பது. நகராட்சி மன்றம், சட்டத்தால் அமைந்த வாரியங்கள், சர்க்கார் பங்குள்ள கம்பெனிகள் முதலியவற்றுக்குத் தனிக் கணக்கும் தனி நடைமுறையும் உண்டு. அங்கே பட்டுவாடாத் தவணையைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

விடுதிச் சாப்பாட்டுக் குத்தகைக்காரர் ஒருவருக்கு நீங்கள் அரிசி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர், "சர்க்கார் எனக்குக் கொடுத்ததும் உனக்குக் கொடுக்கிறேன்" என்பார். அப்போது உங்களுக்குக் கடன்பட்டவர் சர்க்கார் அல்ல, குத்தகைக்காரர். 14 நாள் விதி அவருக்கும் இலாகாவுக்கும் இடையே இருப்பது. உங்களுக்கு அது உதவாது. கட்டட வேலைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட இடத்தில் கைகொடுக்க 2012-ல் ஒரு சட்டம் நிறைவேறி, 2014 ஏப்ரல் 15 முதல் அமலுக்கு வந்தது. அரிசி பருப்பு கொடுப்பவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. ஆகவே குத்தகைக்காரருக்குக் கடன் கொடுப்பதைச் சர்க்காருக்குக் கொடுப்பதாக நினைக்காமல், ஒரு தனி மனிதருக்குக் கொடுப்பதாகவே நினைத்து அளந்து கொடுங்கள்.

பிற நாடுகளில்

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் சர்க்காரின் வழக்கமான தவணை, முறையான பில் கிடைத்ததிலிருந்து 30 நாள். 2019-ல் அங்கே 'இன்வாய்ஸ்நவ்' என்னும் மின்னியல் பில் முறை தொடங்கப்பட்டது. தாளில் எழுதித் தபாலில் போட்டு, அங்கே ஒருவர் மறுபடி தட்டெழுதும் வேலை இல்லாமல், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பில் நேரே போய்விடுகிறது.

அமெரிக்காவில் 1982-ல் உடனடிப் பட்டுவாடாச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேறு தவணை பேசியிராவிட்டால் 30 நாள். தாண்டினால் இலாகா, வியாபாரி கேட்காமலே வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் போட்ட கட்டளையிலும் பொது நிறுவனங்களுக்குப் பொதுவாக 30 நாள்தான். இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டத்தில் அதிகபட்சம் 45 நாள். மீறினால் பாங்கு விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி.

நாள் கணக்கில் பார்த்தால் நம் 14 நாள் இவை எல்லாவற்றையும்விடச் சிறியது. ஆனால் அங்கெல்லாம் தாமதித்தவர் மேல் ஒரு பாரம் விழுகிறது. இங்கே 103-ஆவது கட்டளை உத்தியோகஸ்தருக்கு இடப்பட்ட கட்டளை. வியாபாரிக்கு வட்டி தரும் வாக்குறுதி அல்ல. வட்டியை நாமும் கேட்கவில்லை, நமக்கு அது வேண்டவும் வேண்டாம். நம் முதல் நாளுக்கு வந்து சேர்ந்தால் போதும். சரக்கு இறங்கிய தேதியையும் பில் பூர்த்தியான தேதியையும் இலாகாக்கள் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வெளியிட்டால், தாமதம் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம் சங்கம் கேட்க வேண்டிய நியாயமான கோரிக்கை இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்னியல் பில் முறை, 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளிக்குமேல் வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகளிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக வந்தது. அது வரிக் கணக்குக்கு உரிய முறை. வாரியம் பில்லை ஏற்றுக்கொண்டதாலேயே இலாகா சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. டி.ஓ.-வும் கையெழுத்தும் முத்திரையும் பழையபடி வேண்டியவைதான்.

முதல் எத்தனை தடவை சுழல்கிறது?

தாமதத்தால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்பார்கள், "கடைசியில் முழுப் பணமும் வந்துவிட்டதே!" அந்தத் தம்பியின் பத்தாயிரம் வெள்ளியை வைத்தே கணக்குப் போடுவோம். பத்தாயிரத்துக்குச் சரக்கு வாங்கி 10,800-க்குக் கொடுக்கிறார். ஒரு சுற்றுக்கு லாபம் 800. பணம் மாதத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்தால் ஆண்டில் 12 சுற்று. லாபம் 9,600 வெள்ளி. அதே பணம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் 4 சுற்று. லாபம் 3,200 வெள்ளி. வாடகையும் சம்பளமும் விளக்குக் காசும் இரண்டு கணக்கிலும் ஒன்றே. சரக்கு விலையில் ஒரு காசும் குறையாமலே அவருடைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

ஆகையால் நான் அந்தத் தம்பிக்குச் சொன்ன யோசனை இது: சர்க்கார் வியாபாரம் நல்ல வியாபாரம், எடுங்கள். ஆனால் உங்கள் முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் போடாதீர்கள். 14 நாளில் வரும் என்று விதி சொன்னாலும், 60 நாள் தாங்கக்கூடிய சரக்கை மட்டும் கொடுங்கள். தவுக்கேயிடம் தவணை வாங்கும்போது, இலாகா கொடுக்கும் என்று எதிர்பார்க்கும் நாளைவிடத் தள்ளியே வாங்குங்கள். ஒரு தனி ஏடு வைத்து, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐந்து தேதிகளை எழுதுங்கள்: ஆர்டர் வந்தது, சரக்கு இறங்கியது, பில் போனது, பூர்த்தி என்று சொன்னது, பணம் விழுந்தது. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றித்தான் குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம், பேசுகிறது. சின்ன வயதில் மதரஸாவில் அதை மூச்சு வாங்கி ஓதினேன். பெட்டியடிக்கு வந்து 260 நாள் காத்திருந்த பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

கடைசியாக, நம் வாசல்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க மனம் வரவில்லை. 2020 ஜனவரியில், இலாகாவின் பணத்துக்காக நான் அலைந்துகொண்டிருந்த நாள்களில், என் கடையில் தினமும் காலையில் நாசி லெமாக் பொட்டலம் கொண்டுவந்து வைக்கும் ஓர் அம்மா இருந்தார். விற்றதுக்கு அன்றன்றைக்கே காசு கொடுப்பது வழக்கம். கையில் காசு முடையாக இருந்ததால், "நாளைக்கு, நாளைக்கு" என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். 210 வெள்ளி. ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தேடி வீட்டுக்குப் போனால், தேங்காயும் அரிசியும் வாங்கக் காசில்லாமல் சமைப்பதையே நிறுத்தியிருந்தார். என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் கடுமையாகப் பேசவில்லை. காசை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கும் கஷ்டம் என்று நினைத்தேன்" என்றார்.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். அந்த அம்மாவுக்கு நான்தான் இலாகா. என் மேஜைத் தட்டில்தான் அவருடைய பில் கிடந்தது. அவரிடம் எல்.ஓ. இல்லை, டி.ஓ. இல்லை, புகார் செய்ய ஒரு பிரிவும் இல்லை. சர்க்கார் நமக்கு 14 நாளில் கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். நமக்குச் சின்னச் சின்னச் சரக்கு கொடுப்பவர்கள் நம்மிடம் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதையும் அந்தத் தேதி ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுத வேண்டும். நான் எழுதி வருகிறேன்.

அந்தத் தம்பி இலாகாவிடம் எல்.ஓ. கேட்டார். பத்து நாள் கழித்து வந்தது. வந்த பிறகே சரக்கை அனுப்பினார். அன்றைக்கே பில்லும் போனது. இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் பணம் வந்துவிடும் என்று நம்புகிறேன், இன்ஷா அல்லாஹ்.

பயிற்சி

சகோதரர்கள் கடைப் பையன்களோடு உட்கார்ந்து இவற்றுக்கு விடை காணலாம்.

1. உங்கள் கடையில் கடைசியாக இலாகாவுக்குப் போன சரக்கின் டி.ஓ.-வை எடுங்கள். பெயர், பதவி, தேதி, முத்திரை நான்கும் அதில் இருக்கின்றனவா?

2. சரக்குப் போன நாளுக்கும் நீங்கள் பில் எழுதிய நாளுக்கும் இடையே எத்தனை நாள்?

3. இன்றைய தேதியில் நீங்கள் யாருக்கெல்லாம் பாக்கி வைத்திருக்கிறீர்கள்? அவர்களில் மிகச் சிறியவர் யார்? அவர் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்?

வஸ்ஸலாம்.